பெயர்க்கல் இல்லாத தருமம்

நன்கொடைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீதியில் இறங்கும் ஆசிரியரைக் கண்டால், ஊரார் சற்றே வேறு பக்கம் பார்ப்பது எங்கள் யாழ்ப்பாணத்திலே புதிய செய்தியன்று. கோயில் திருப்பணி, பாடசாலை நூற்றாண்டு விழா, மைதானத்துக்கு மதில், துடுப்பாட்ட அணிக்குச் சீருடை என்று ஆண்டு முழுவதும் ஏதாவதொன்று வாசலிலே வந்து நின்றுகொண்டேயிருக்கும். ஆதலின், கிராமப் பாடசாலை ஒன்றின் தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் பணம் திரட்டிய கதையைச் சொல்லப் புகும்போதே, இக்கட்டுரையின் முடிவிலே கையேந்தப் போவதில்லை என்று வாசகர்களுக்கு வாக்களித்துவிடுகின்றோம். அச்சமின்றிப் படிக்கலாம்.

மலசலகூடம் என்னும் சொல்லை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலே எழுதுவதா என முகஞ்சுளிப்பாரும் இருப்பர். அவர்களுக்கு ஒன்று கூறுவோம். 1901ஆம் ஆண்டிலே கல்கத்தாக் காங்கிரசுக்குச் சென்ற காந்தியடிகள், அங்கே மலசலகூடங்கள் கிடந்த கோலத்தைக் கண்டு, தாமே துடைப்பத்தை எடுத்துத் துப்புரவு செய்தார். அதனைத் தமது வரலாற்றிலே கூச்சமின்றி எழுதியும் வைத்தார். அவரே 1927 நவம்பரிலே கதர் நிதிக்குப் பணம் திரட்டும்பொருட்டு இலங்கைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். எங்கள் பாட்டன் பூட்டன்மார் அவரை வரவேற்றுப் பொருள் கொடுத்து மகிழ்ந்தனர். கதருக்குக் கொடுத்த கைகள் துடைப்பத்தின் கதையையும் கேட்டறிந்தனவோ என்பது வேறு விடயம்.

2023ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள், எம்மிடம் உயர்தர வகுப்பிலே கணிதம் கற்ற மாணவி ஒருத்தி எம்மைப் பார்க்க வந்தாள். பட்டம் பெற்று ஆசிரியையாகி, வவுனியா மாவட்டத்தின் வடபாலுள்ள சிற்றூர்ப் பாடசாலை ஒன்றிலே கற்பித்து வருகின்றாள். தேநீர் அருந்திக்கொண்டே, “பிள்ளை, பள்ளிக்கூடம் எப்படிப் போகுது?” என்று கேட்டோம்.

“படிப்பு ஒரு மாதிரிப் போகுது, சேர். பிள்ளையள் தண்ணி குடிக்கிறேல்லை. அதுதான் யோசினையாக் கிடக்கு.”

எமக்கு முதலில் விளங்கவில்லை. அவள் விளக்கினாள்.

“போத்தலிலை கொண்டுவாற தண்ணியை அப்படியே திருப்பிக் கொண்டு போகுதுகள். குடிச்சால் போகவேணும். போறதுக்கு இடமில்லை. அதாலை குடிக்கிறேல்லை, சேர்.”

வன்னி வெயிலிலே காலை ஏழரை மணி முதல் பிற்பகல் ஒன்றரை மணி வரை ஒரு மிடறு நீரும் அருந்தாது ஆறு மணி நேரம் இருக்கப் பழகிக்கொண்ட குழந்தைகளைப் பற்றி அவள் பேசினாள். பதினொரு மணிக்குப் பின்னர் வகுப்பிலே தலையிடி என்று மேசையிற் கவிழ்ந்து படுப்போர் அவர்களே. சிறுநீரை அடக்கி அடக்கிச் சிறுநீர்ப் பாதையிலே நோய் கண்டு வைத்தியசாலைக்குப் போனவரும் உளர். வளர்ந்த பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசமானது. மாதவிலக்குக் காலத்திலே மாற்றுதற்கும் கழுவுதற்கும் மறைவிடம் இன்மையால் அவர்கள் பாடசாலைக்கே வருவதில்லை. தான் குறித்து வைத்திருந்த வரவுக் கணக்கை அவள் எமக்குக் காட்டினாள். மாதந்தோறும் இரண்டு மூன்று பள்ளிநாள்கள் வெறுமையாய்க் கிடந்தன. மாதம் இருபது நாளே பாடசாலை நடைபெறுவது. ஓராண்டிலே ஒரு மாதத்துப் படிப்பையேனும் அப்பெண்கள் இழக்கின்றனர் என்பதற்குப் பெருங்கணிதம் வேண்டியதில்லை. அணையாடை வாங்குதற்கு அரசினர் 2024ஆம் ஆண்டிலே வவுச்சர் வழங்கத் தொடங்கியது நல்ல காரியமே. ஆயினும் அதனை மாற்றுதற்கு ஓர் அறையும், அந்த அறையிலே ஒரு வாளி நீரும் வேண்டுமன்றோ?

அடுத்த சனிக்கிழமை சக ஆசிரியர் இருவரை அழைத்துக்கொண்டு அப்பாடசாலைக்குச் சென்றோம். மாணவர் 96 பேர், ஆசிரியர் 9 பேர். பாலை மரத்தடியில் ஒரு கிணறு. அதன் பின்னால், எமது வியப்புக்கு, மூன்று அறைகள் கொண்ட நல்லதொரு மலசலகூடக் கட்டடம் நின்றது. போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறியபின், 2012ஆம் ஆண்டிலே ஒரு நிறுவனம் கட்டிக் கொடுத்தது. முகப்பிலே சலவைக்கல்லிற் கொடையாளர் பெயரும் திறந்துவைத்த திகதியும் பொன்னெழுத்தில் மின்னின. மூன்று கதவுகளிலும் பூட்டுத் தொங்கிற்று.

இரண்டாம் ஆண்டிலே நீரிறைக்கும் மோட்டர் கருகிப் போயிற்றாம். தாங்கி வற்றியது. பெற்றோர் சிலகாலம் வாளியிலே நீர் சுமந்து ஊற்றினர். பின்னர் மலக்குழியின் மூடி உடைந்தது. அதிபர் நல்ல மனிதர். திறப்புக் கோவையைக் கையில் வைத்துக்கொண்டு, “திறந்து விட்டால் ஒரு கிழமையிலை நாறிப் போகும், ஐயா. பூட்டி வைச்சால், ஆரும் மேலதிகாரி வரேக்கை காட்டவாவது உதவும்,” என்று கசப்போடு சிரித்தார். அக்கட்டடத்திலே பதினொரு ஆண்டுக்குப் பின்னும் பழுதின்றி இருந்த ஒரே பகுதி அந்தச் சலவைக்கல்தான்.

எம் கட்டுரையின் பொருள் அந்தப் பூட்டுத்தான். மலசலகூடம் இல்லாமையால் அப்பிள்ளைகள் துன்புறவில்லை. கட்டியவர் கட்டிவிட்டுப் போனபின், நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் அதனைப் பேணுதற்கு ஒருவர் பொறுப்பிலும் ஒரு சதமேனும் இல்லாமையால் துன்புற்றனர். வடக்கிலும் கிழக்கிலும் நாம் பின்னர்ச் சென்று பார்த்த பாடசாலைகள் பலவற்றிலே இதே பூட்டைக் கண்டோம்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டோம். பகற்பாடசாலையிலே ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் நீர் குடிப்பதற்கும் கைகழுவுதற்குமாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் கிராமப் பாடசாலைகள் போன்றவற்றுக்கு 2009ஆம் ஆண்டிலே வெளியிட்ட நியமம். வாளியால் ஊற்றிக் கழுவும் மலசலகூடமாயின் அதற்கு மேலும் 3 லீற்றரும், தூய்மை செய்துகொள்ள 2 லீற்றரும் சேர்க்க வேண்டும். ஆகவே 105 பேருக்கு நாளொன்றுக்கு 1,050 லீற்றர். பெண் பிள்ளைகள் இருபத்தைவருக்கு ஒன்றும், ஆண் பிள்ளைகள் ஐம்பதின்மருக்கு ஒன்றோடு சிறுநீர் கழிக்குமிடமும், ஆசிரியருக்குப் பால்வகைக்கு ஒன்றும் என்பதும் அந்நியமமே. அப்பாடசாலையிலே பெண் பிள்ளைகள் 48, ஆண் பிள்ளைகள் 48. ஆகவே ஐந்து வேண்டும். மூன்று இருந்தன. இன்னும் இரண்டு கட்டினாற் போதும். எமது வகுப்பு மாணவருக்கு இதனையே பயிற்சிக் கணக்காகக் கொடுத்தோம். பாடநூலில் வரும் தொட்டியும் குழாயும் பற்றிய கணக்குகளைக் கண்டு கொட்டாவி விடும் பையன்கள், இந்தக் கணக்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாய் தந்தையரிடம் விவாதித்து வந்தனர்.

கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். இரண்டு செய்திகள் வந்தன. மலத்திலிருந்து வரும் கிருமி அதில் இருந்தது. குடிநீரின் 100 மில்லிலீற்றரில் அக்கிருமி ஒன்றுகூட இருத்தலாகாது என்பது விதி. இரண்டாவது, புளோரைட்டு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டியிருந்தது. உலர்வலயத்துக் கிணறுகள் பலவற்றுக்கு இது இயல்பு. பாறையிலிருந்து கரைந்து வருவது அது. அவ்வூர்ப் பிள்ளைகளின் பற்களிலே காணும் பழுப்புக் கோடுகளும் அதன் வேலையே. இவ்விரண்டுக்கும் மருந்து ஒன்றன்று. நீரைக் கொதிக்க வைத்தாற் கிருமி சாகும். புளோரைட்டோ போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். குளோரின் இட்டாலும் அவ்வாறே. ஆகையால் அக்கிணற்று நீரைக் கழுவுதற்கும் துப்புரவுக்கும் கொள்வது, குடிப்பதற்குப் பிறிது வழி தேடுவது என்று தீர்மானித்தோம். பரிசோதனை செய்யாமலே பெருஞ்செலவிற் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிப் பூட்டும் அன்பர்கள் இதனைச் சற்றே கவனித்தல் நன்று. புளோரைட்டை நீக்கும் இயந்திரங்களில் உள்ள மென்சவ்வு காலத்துக்குக் காலம் மாற்றவேண்டியது. அதன் விலையும் சிறிதன்று. மாற்றப் பணமில்லாத இடத்திலே அந்த இயந்திரமும் பூட்டிய கதவின் தம்பியே.

பழைய மூன்று அறைகளையும் திருத்தி, புதிதாக இரண்டு கட்டி, கிணற்றுக்கு உயர்ந்த கட்டும் மூடியும் அமைத்து, மலக்குழியைக் கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்கு மேல் விலக்கிப் புதிதாக வெட்டி, மோட்டரும் 1,000 லீற்றர்த் தாங்கியும் வைத்து முடிக்க 14 இலட்சம் ரூபா வேண்டும் என்று மேசன் கணக்குத் தந்தார். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர்ச் சீமெந்து விலையைச் சொன்னாலே நெஞ்சு பதறிய காலம் அது. எனினும், வாசகர் வியப்படையக்கூடும், அப்பணம் ஏழு வாரத்திலே சேர்ந்துவிட்டது. எமது பழைய மாணவர்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உளர். கடிதம் போயிற்று, பணம் வந்தது. ஒருவர் தம் தாயார் நினைவாக ஓர் அறையை ஏற்றார். மற்றொருவர் தந்தையார் பெயரிற் கிணற்றை ஏற்றார். நன்றியறிதலோடு இதனைச் சொல்லுகின்றோம். அயல்நாட்டுக் குளிரிலே இரண்டு வேலை செய்து சேர்த்த காசு அது.

இடர் அதன்பின்னர்த் தொடங்கிற்று. அதே அன்பர்களுக்கு இரண்டாவது கடிதம் எழுதினோம். துப்புரவு செய்பவருக்கு மாதம் 10,000 ரூபா, சவர்க்காரம், தூரிகை, கிருமிநாசினிக்கு 2,500, மின்சாரத்துக்கு 1,500, மோட்டர் பழுதானாலும் குழி நிறைந்தாலும் எடுத்துச் செலவிடச் சேமிப்பாக 3,500. ஆக மாதம் 17,500 ரூபா, ஆண்டுக்கு 2,10,000. கட்டடச் செலவிலே ஏறக்குறைய ஏழிலொரு பங்கு, ஆண்டுதோறும் வேண்டும் என்று விளக்கமாக எழுதினோம். நெடுநாள் மறுமொழி இல்லை. ஒருநாள் இரவு இலண்டனிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். முன்பு கேட்டவுடன் அனுப்பியவர், ஒளிவுமறைவின்றிப் பேசுபவர்.

“மாஸ்டர், கட்டடமெண்டால் சொல்லுங்கோ, நாளைக்கே அனுப்புறன். சவர்க்காரத்துக்கு ஆர் காசு குடுப்பினம்?”

அவர் சொன்னது உண்மை. சவர்க்காரத்துக்குப் பெயர்க்கல் நாட்ட முடியாது. அது கரைந்து போகும். மலக்குழி எடுக்கும் பவுசருக்கு நாடா வெட்டி விழா நடத்த எவரும் வாரார். படம் எடுத்து அனுப்பினாலும் பார்ப்பவர் மகிழார். கொடுப்பவரின் மனத்தைக் குறை கூறுவதாகாது இது. கொடுத்தது கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று விரும்புவது மனித இயல்பு. ஆயினும் எங்கள் மரபிலே வேறொரு கொடையாளரும் இருந்தார். திங்களூரிலே அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். தம் பெயரை அதற்கு இடாது, தாம் அதுவரை கண்டிராத திருநாவுக்கரசர் பெயரையே இட்டார். அவ்வழியே வந்த நாவுக்கரசர், உம் பெயரை விடுத்துப் பிறர் பெயரை இட்டது ஏன் என்று அவரையே வினவியதைப் பெரிய புராணம் படித்தோர் அறிவர். கோயிற் கொடியேற்றத்துக்கு வீதிக்கு வீதி தண்ணீர்ப் பந்தல் வைத்து, மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்த்து, வழிப்போக்கரைக் கையைப் பிடித்து இழுத்துக் குடிக்கச் செய்யும் ஊர் எங்கள் ஊர். பத்து நாள் தாகத்துக்கு இரங்கும் நெஞ்சு இருநூறு நாள் தாகத்துக்கு இரங்காமற் போவதற்குக் கல்நெஞ்சம் காரணமன்று. அந்தத் தாகம் மதிலுக்குப் பின்னால், கண்ணுக்கு மறைவாய் இருப்பதே காரணம் என்று எமக்குத் தோன்றுகிறது.

வழி காட்டியவர் அவ்வூர்த் தாய் ஒருவர். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலே நாம் 17,500 ரூபாக் கணக்கை வாசித்தபோது மண்டபம் ஊமையாயிற்று. பின்வரிசையில் இருந்து அந்த அம்மா எழுந்து, “மாதம் மாதம் காசு எங்களாலை ஏலாது, ஐயா. நெல்லெண்டால் தரலாம்,” என்றார்.

பிடியரிசி! வீட்டிலே உலைக்கு அரிசி போடும்போது ஒரு பிடியைப் புறம்பாக எடுத்துப் பானையில் இட்டு வைத்து, கேட்டு வருபவருக்குக் கொடுப்பது எங்கள் முன்னோர் வழக்கம். 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஆறுமுக நாவலருக்கு அதனை நடத்தப் பிடியரிசியும் துணையாயிற்று என்பர். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தார் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தியதும் ஊரார் கொடையின் துணையோடுதான். அந்நாளிலே பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகினால் ஊரின் கூரை ஒழுகியது போல. பின்னர் 1945 முதல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்குச் சென்றன. ஏழைப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை சென்றது இலவசக் கல்வியால் என்பதை மறுப்பார் இலர். நாமும் அவ்வழி வந்தவரே. ஆனால் பள்ளிக்கூடம் அரசாங்கத்தினது என்றானபின், அதன் துடைப்பமும் அரசாங்கத்தினது என்று ஊர் விலகி நின்றுவிட்டது.

இவ்விடத்திலே சக ஆசிரியர் ஒருவர் எம்மோடு வாதித்ததையும் சொல்லவேண்டும். “இது அரசாங்கத்தின் கடமை. நாங்கள் காசு சேர்த்துக் கொடுக்கக் கொடுக்க, அவர்கள் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள்” என்றார். வாதம் வலிமையுடையது. தூய நீரும் துப்புரவும் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 யூலை 28ஆம் திகதி தீர்மானித்தது. உரிமையைப் பிச்சையாக்குவது எமக்கும் உடன்பாடன்று. ஆகையால் நெல் திரட்டத் தொடங்கிய வாரத்திலேயே உரிய பணிமனைக்கு விண்ணப்பமும் எழுதினோம். பரிசோதனை அறிக்கையை இணைத்து, துப்புரவுத் தொழிலாளி ஒருவரை நியமித்துத் தருமாறு கேட்டோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்றும் எழுதி வருகின்றோம். கடிதம் கிடைத்தது என்னும் மறுமொழி தவறாது வருகிறது. ஆனால் எட்டு வயதுச் சிறுமியின் சிறுநீர்ப்பை கோப்பு நகரும் வரை பொறுத்திராது. வாதித்த ஆசிரியரே இன்று எமது பட்டியலிலே முதலாவது பெயர். மாதந்தோறும் நூறு ரூபாவையும், அரசாங்கத்தைப் பற்றிய ஒரு சொற்பொழிவையும் சேர்த்தே தருகின்றார்.

2024ஆம் ஆண்டு மாசியிலே காலபோக அறுவடை முடிந்ததும் முதன்முறை நெல் திரட்டப்பெற்றது. பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் 71. அவற்றுள் 68 குடும்பங்கள் பத்துப் பத்துக் கிலோவாகக் கொணர்ந்து பாடசாலை மண்டபத்திலே குவித்தன. ஏனைய மூன்றும் வயல் இல்லாதவை. அவ்வீட்டார் மூட்டை கட்டவும் ஏற்றவும் வந்து நின்றனர். கிலோ ஏறக்குறைய 100 ரூபா வீதம் விற்று 68,000 ரூபா ஆயிற்று. எஞ்சியதற்கு யாழ்ப்பாணத்திலே மாதம் நூறு ரூபா தருவோர் 120 பேரைச் சேர்த்தோம். கூடுதலாகத் தர வந்தவரிடமும் நூறுக்கு மேல் வாங்குவதில்லை என்று விதித்துக்கொண்டோம். ஒருவர் ஐயாயிரம் கொடுத்தால் மற்றவர் கை சுருங்கும். அந்த ஒருவர் நிறுத்திவிட்டால் கிணறு வற்றும். நூறு பேர் சிறிது சிறிதாகக் கொடுக்கும்போது பத்துப் பேர் நின்றுவிட்டாலும் மோட்டர் நிற்காது. எமது பட்டியலிலே முச்சக்கர வண்டிச் சாரதி இருக்கிறார், மருந்துக் கடைக்காரர் இருக்கிறார், ஓய்வு பெற்ற தபாற்காரர் ஒருவர் சில்லறையாகவே எண்ணிக் கட்டி வைத்துத் தருகிறார். இலண்டன் பெரியவரும் சேர்ந்துவிட்டார். நூறு ரூபா அனுப்புவதற்கு வங்கிக் கட்டணம் அதனினும் கூடுதல் என்று நகைத்து, யாழ்ப்பாணத்திலுள்ள தம் மருமகனிடம் பொறுப்பை விட்டிருக்கிறார்.

பணத்தைக் காட்டிலும் கடினமானது ஒன்று இருந்தது. யார் துப்புரவு செய்வது? இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. எங்கள் சமூகம் இந்தத் தொழிலை ஒரு சாரார் தலையிலே தலைமுறை தலைமுறையாகச் சுமத்தி, சுமப்பவரையே தள்ளியும் வைத்தது. ஊர்க் கூட்டத்திலே ஒருவர், இன்ன இடத்திலிருந்து இன்னாரைக் கூட்டி வந்தால் ஐயாயிரத்துக்கே செய்வார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அதிபர் இடைமறித்தார். இப்பாடசாலையிலே பிள்ளையுள்ள எவர் முன்வந்தாலும் பத்தாயிரம். கையுறையும் இறப்பர்ச் சப்பாத்தும் பாடசாலை கொடுக்கும். பெயர் வருகைப் பதிவிலே ஆசிரியர் பெயர்களுக்குக் கீழே எழுதப்படும் என்றார். அடுத்த வாரம் வரை எவரும் வரவில்லை. திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனை முடிந்ததும் அதிபர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே தூரிகையோடு உள்ளே போனார். செவ்வாயும் போனார். புதன்கிழமை, கணவனைப் போரிலே இழந்த ஒரு தாய் வந்து தூரிகையை வாங்கிக்கொண்டார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பிலே படிக்கிறாள். முதல் மாதம் அப்பிள்ளை தாயைக் கண்டு ஒளிந்தாள் என்று எம் மாணவி சொன்னாள். இப்போது எப்படி என்று நாம் கேட்கவில்லை, கேட்பது அழகுமன்று.

2024 ஆவணியிலே மோட்டர் மறுபடியும் கருகிற்று. முன்பு நெடுங்காலப் பூட்டுக்குக் காரணமான அதே நோய். இம்முறை சேமிப்பிலிருந்து 9,500 ரூபா எடுத்துச் சுருள் மாற்றினார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. ஒரு கடிதம் எழுதவேண்டியிருக்கவில்லை, ஒரு தலைவரைக் காணவேண்டியிருக்கவில்லை. பெண் பிள்ளைகளின் வரவுக் கணக்கிலே வெறுமையான நாட்கள் முற்றாக நீங்கிவிடவில்லை. வறுமையும் வீட்டு வேலையும் பிள்ளைகளை மறிக்கின்றன. அவற்றுக்குத் தாங்கியும் குழாயும் மருந்தாகா. ஆயினும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளிலே மாதந்தோறும் ஒரே முறையாக விழுந்த அந்த இரண்டு மூன்று நாள் இடைவெளி குறைந்திருக்கிறது. தண்ணீர்ப் போத்தல்கள் பாதியாவது காலியாகி வீடு திரும்புகின்றன என்று எம் மாணவி எழுதுகிறாள்.

குடிநீர் இன்னும் வீட்டிலிருந்துதான் வருகிறது. அதற்கு மழையைப் பிடிப்பது என்று முடிவாயிற்று. ஒரு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். பாடசாலையின் பெரிய மண்டபத்துக் கூரை 120 சதுர மீற்றர். ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றர் பெய்தாலும், ஐந்திலொரு பங்கு வீணாயிற்று என்று தள்ளினால், 96,000 லீற்றர். ஆளுக்கு ஒன்றரை லீற்றராக 105 பேர் நாளொன்றுக்குக் குடிப்பது ஏறக்குறைய 160 லீற்றர். மாரி கழிந்து அடுத்த மாரி வருமுன் உள்ள பள்ளிநாள்களை 120 என்று கொண்டால், 10,000 லீற்றர்த் தாங்கிகள் இரண்டு நிறைந்திருந்தாற் போதும். மழைநீரிலே புளோரைட்டுத் தொல்லை இல்லை. முதல் மழையைக் கூரையைக் கழுவிப் போக விட்டு, பின் வருவதை மூடிய தாங்கியிலே சேர்த்து, காய்ச்சி ஆற்றிக் கொடுக்கலாம்.

தாங்கிகளுக்கு ரொறன்ரோவிலிருந்து பணம் வந்துவிட்டது; பெயர்க்கல்லும் உண்டு. பீலியைத் துப்புரவு செய்யும் ஏணிக்கும், நீர் காய்ச்சும் விறகுக்கும் என்று அடுத்த அறுவடையிலே வீட்டுக்கு இரண்டு கிலோ நெல் கூட்டித் தருவதாக அபிவிருத்திச் சங்கத்தார் தீர்மானம் எழுதியிருக்கின்றனர். மேசன் சென்ற வாரம் வந்து அத்திவாரத்துக்கு அளந்து கயிறு பிடித்துவிட்டுப் போயிருக்கிறார்.